எஞ்சினுக்கு என்ன கோளாறு?

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் பேருந்தில் நீங்கள் சென்றதுண்டா? வழியில் டி. கல்லுப்பட்டி என்ற ஊர் வரும். ஊரைச் சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். இடையிடையே கிணறு உள்ள தோட்டங்களும் உண்டு.

1990களில், நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, கோடை விடுமுறைக்கு அங்கே என் மாமா வீட்டுக்குப் போவேன். மின் இணைப்புக் கிடைக்காத கிணறுகளில் அந்த நாட்களில் டீசலில் ஓடும் ஆயில் எஞ்சின்தான் தண்ணீர் இறைக்கும். மாமாவின் எஞ்சின் 5 குதிரைத்திறன் கொண்டது. ஒரே ஒரு சிலிண்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள். ‘டுப்... டுப்... டுப்’ என்ற அதன் ஓசை ஊர்வரை கேட்கும்.

ஒரு சித்திரை மாதத்தில் அந்த ஓசை திடீரென்று நின்றுவிட்டது. வெங்காயப் பாத்திகளில் பாதிக்குக்கூடத் தண்ணீர் பாயவில்லை. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினார்கள். எஞ்சின் அசைந்து கொடுக்கவில்லை. ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்தோம். சைக்கிளில் வந்த அவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. “எதையும் கழட்டாதீங்கண்ணே. முதல்ல அதுகிட்ட ரெண்டு கேள்வி கேட்போம்” என்றார்.

எஞ்சினிடம் கேள்வியா? எனக்குச் சிரிப்பு வந்தது. இயற்பியல் படித்த பிறகுதான், அன்று அவர் செய்தது ஓர் அருமையான அறிவியல் சோதனை என்று புரிந்தது. வாருங்கள், நாமும் அவரைப் பின்தொடர்வோம்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

முதலில் டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும். டீசல் எஞ்சினின் உயிரே இதில்தான் இருக்கிறது.

சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை, பிஸ்டன் சுமார் பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை வெப்பம் சிறிதும் வெளியேறாமல் இப்படி அமுக்கினால், கணக்குப்படி அது 600 டிகிரியைத் தாண்டிவிடும். உண்மையில் சிலிண்டரின் சுவர் கொஞ்சம் வெப்பத்தைப் பறித்துக்கொள்கிறது. அப்படியும் டீசலைப் பற்றவைக்கத் தேவையானதைவிட மிக அதிகமான சூடு அங்கே இருக்கும். அந்த நொடியில் டீசலைப் புகைபோன்ற நுண்துளிகளாகப் பீச்சினால் போதும், தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினைப்போல மின்பொறி வேண்டியதில்லை.

இந்த எஞ்சினுக்கு வழிகண்டவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. எரிபொருளின் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கை அது வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்கள் அதன் அருகில்கூட வர முடியவில்லை.

ஆக, டீசல் எஞ்சின் கிளம்ப இரண்டு தேவைகள்: காற்று நன்றாக அமுங்க வேண்டும், டீசல் சரியாகப் பீச்ச வேண்டும். மெக்கானிக்கின் இரண்டு கேள்விகளும் இவைதாம்.

முதல் கேள்வி: காற்று அமுங்குகிறதா?

எஞ்சினின் தலையில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் வால்வு திறந்தபடியே நிற்கும், காற்று அமுங்காது, கையால் எளிதாகச் சுற்றலாம். சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விட்டுவிட வேண்டும். வேகம் ஏன் தேவை? மெதுவாக அமுக்கினால், பிறந்த வெப்பமெல்லாம் சுவர் வழியாக ஓடிவிடும்.

மெக்கானிக் நெம்புகோலை இறக்கிவிட்டுச் சக்கரத்தை மெல்லத் திருப்பினார். ஓரிடத்தில் அது முரண்டு பிடித்து, சுருள்வில்லைப்போலப் பின்னால் துள்ளியது. “காத்து நிக்குது” என்றார். அப்படியானால் பிஸ்டன் ரிங், வால்வு, கேஸ்கட் எல்லாம் நலம். சக்கரம் துள்ளாமல் சுலபமாகச் சுற்றியிருந்தால் இவற்றில் ஒன்றின் வழியாகக் காற்று கசிகிறது என்று பொருள்.

பாருங்கள், ஒரே ஒரு சோதனையில் பாதி எஞ்சின் விடுதலையாகிவிட்டது!

இரண்டாம் கேள்வி: டீசல் வருகிறதா?

அடுத்து நெம்புகோலைத் தூக்கிவிட்டுச் சுற்றச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். டீசல் நாசிலின் வழியாகப் பீறிடும்போது ‘கிர்க்... கிர்க்’ என்று ஓர் ஓசை வரும். அன்று அது வரவில்லை. குற்றவாளி டீசல் பாதையில்தான் ஒளிந்திருக்கிறான்!

தொட்டியின் மூடியைத் திருகினார். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியில் ஊசித் துளை ஒன்று உண்டு. அதை ஒரு குளவி மண்ணால் அடைத்திருந்தது.

இவ்வளவு சிறிய துளை அடைபட்டால் எஞ்சின் நிற்குமா? நிற்கும். டீசல் இறங்க இறங்க, தொட்டியின் மேற்பகுதியில் இருக்கும் காற்று விரிந்து அதன் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் டீசலைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிக்கொள்கிறது. உறிஞ்சு குழாயின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருக்கும் நீர் கீழே விழாதல்லவா? அதே கதைதான்.

துளையைக் குத்திச் சுத்தம் செய்தாயிற்று. ஆனாலும் எஞ்சின் கிளம்பவில்லை. டீசல் குழாய்க்குள் காற்றுக் குமிழ்கள் புகுந்துவிட்டன. நாசில் திறக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வேண்டும். திரவம் அமுங்காது, அதனால் பம்பின் உதை அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் குமிழ் இருந்தால் அது பஞ்சுபோல அமுங்கி உதையை விழுங்கிவிடும். மெக்கானிக் குழாயின் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழில்லாத டீசல் வரும்வரை ஒழுகவிட்டு, மறுபடி இறுக்கினார். ‘கிர்க்’ ஓசை கேட்டது. நான்கு சுற்றுச் சுற்றி நெம்புகோலை விட்டதும், ‘டுப்... டுப்... டுப்!’

(அந்தப் பீச்சலின் முன் கையைக் காட்டிவிடாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

புகை சொல்லும் சேதி

கதை இத்துடன் முடியவில்லை. எஞ்சின் ஓடியது, ஆனால் வாய்க்காலில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. “எஞ்சினுக்குச் சக்தி குறைஞ்சுபோச்சு” என்றார் மாமா. மெக்கானிக்கோ புகையைக் காட்டினார்.

கரும்புகை வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். அல்லது எஞ்சின் தன் சக்திக்கு மீறிய சுமையை இழுக்கலாம். நீலப்புகை வந்தால், தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி மசகு எண்ணெய் மேலேறி எரிகிறது. வெண்புகை வந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது.

அன்று புகையே தெரியவில்லை. எஞ்சின் திணறவும் இல்லை. சக்தி குறைந்த எஞ்சினாக இருந்தால், சுமையை இழுக்க முடியாமல் முக்கி முனகிக் கரும்புகை கக்கியிருக்கும். இதுவோ வேலை இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது! கோளாறு எஞ்சினில் இல்லை, கிணற்றில் இருந்தது. கோடையில் நீர்மட்டம் இறங்கிவிட்டது.

பம்பு தண்ணீரை ‘இழுக்கிறது’ என்கிறோம். உண்மையில் வளிமண்டலம்தான் அதை மேலே தள்ளுகிறது. பம்புகள் ஓர் உயரத்துக்குமேல் நீரை ஏற்றுவதில்லை என்பதைக் கலீலியோ 1638-ல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டார். காரணத்தை விளக்கியவர் அவர் வழிவந்த டாரிசெல்லி. கணக்குப்படி அதன் எல்லை சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டருக்குமேல் நம்ப முடியாது. பத்துக் குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டினாலும் இந்த எல்லை நகராது.

உயிருக்கே ஆபத்து

மாமா உடனே, “அப்ப எஞ்சினையும் பம்பையும் கிணத்துக்குள்ள இறக்கிருவோமா?” என்று கேட்டார். அதுவரை நிதானமாகப் பேசிய மெக்கானிக் குரலை உயர்த்தினார்: “வேணாம்ணே! அது எமனைக் கூப்பிடுற வேலை!”

ஏன் தெரியுமா? எஞ்சின் கிணற்றுக்குள் ஓடினால் ஆக்சிஜன் குறையும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயு அங்கேயே தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். எஞ்சின் ஓடிய கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. யாராவது மயங்கிவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். உடனே 101 அல்லது 112-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

மாமா அவர் சொல்லைக் கேட்டார். தினமும் கொஞ்ச நேரம் இறைத்துவிட்டு, ஊற்று ஊறும்வரை எஞ்சினை நிறுத்தி வைத்தார். வெங்காயத்தில் ஒரு பகுதி வாடிப்போனது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஆள் குறையவில்லை.

கடலிலும் அதே கேள்விகள்

பல ஆண்டுகளுக்குப் பிறகு ராமேஸ்வரம் கடற்கரையில், படகின் வயிற்றுக்குள் பொருத்தப்பட்ட பழைய டீசல் எஞ்சின் ஒன்றைப் பார்த்தேன். எனக்குப் பழைய நண்பனைக் கண்டதுபோல் இருந்தது! இங்கே பம்புக்குப் பதில், நீருக்கடியில் சுழலும் விசிறி. அதில் வலை சுற்றிக்கொண்டாலோ படகின் அடியில் சிப்பிகள் ஒட்டிக்கொண்டாலோ சுமை கூடும். எஞ்சின் திணறிக் கரும்புகை விடும். குளிர்விக்கும் கடல்நீரின் வழியைப் பாசி அடைத்தால் எஞ்சின் சூடேறித் தளரும். டீசலில் நீர் கலந்தால் கிளம்பாது. காரணங்கள் கொஞ்சம் மாறுகின்றன; கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. ஆனால் நடுக்கடலில் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்ப முடியாது. அந்தக் கேள்விகள் படகில் இருப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இன்று பெரும்பாலான கிணறுகளில் மின்மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் மெக்கானிக்கின் முறை பழையதாகிவிடவில்லை. கண்டதையெல்லாம் கழற்றாதே, பாதிச் சந்தேகத்தை ஒரே அடியில் நீக்கும் கேள்வியை முதலில் கேள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வீட்டில் சைக்கிள் விளக்கு எரியாவிட்டாலும் இதையே செய்து பாருங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியை இறுக்கி மூடுங்கள். ஒழுகுகிறதா? இப்போது மூடியைத் தளர்த்துங்கள். குளவி செய்த குற்றம் உங்கள் கண்முன் தெரியும்!

யோசியுங்கள்: டீசல் முழுவதும் தீர்ந்து நின்றுபோன எஞ்சின், தொட்டியை நிரப்பிய பிறகும் உடனே கிளம்புவதில்லை. ஏன்? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.