கடைக் கணினி மக்கர் செய்தால்...

கீழமாசி வீதி மொத்தக் கடைகள் முதல் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மளிகைக் கடைகள் வரை, சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. அது நின்றுபோகும்போது பதற்றத்தில் செய்யும் காரியமே பெரும்பாலும் நஷ்டத்தைக் கொண்டுவருகிறது. ஹார்டு டிஸ்க் கெட்டால் வேறு வாங்கலாம்; அதிலுள்ள பற்று வரவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே முதலில் கணக்கு, பிறகுதான் கருவி.

ஹார்டு டிஸ்க்: பில் திறக்க வழக்கத்தைவிட நேரமானால் உடனே கணக்கை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட வேண்டும். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் கணினியை நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமிருப்பதும் அழியும். நகல் கையில் இல்லாதபோது 'ஃபார்மட்' செய்யச் சம்மதிக்கக் கூடாது. புதுவகை எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமல் போய்விடக் கூடும். பில்லில் தேதி தப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும்.

நெட்வொர்க்: எல்லாக் கணினியிலும் இன்டர்நெட் இல்லையென்றால் கோளாறு ரவுட்டரில் அல்லது வெளி இணைப்பில். ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒரு கணினியில் மட்டும் இல்லையென்றால் அதன் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். மூட்டை அடுக்கும் குடோனில் எலி கடிப்பது சகஜம். கேபிளைக் குழாய்க்குள் விடுவது நல்லது. ஒரே கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இடி மின்னலின்போது கரண்ட் பிளக்குடன் நெட்வொர்க் கேபிளையும் கழற்ற வேண்டும்.

நகல்: இரண்டு டிஸ்க்குகள் வாங்கி மாற்றி மாற்றி நகல் எடுங்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கணினியும் நகலும் ஒரே கடையில் இருந்தால் இரண்டும் சேர்ந்து நனையும். நகல் டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைப்பதும் தவறு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' போன்ற வைரஸ்கள், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை நகலை வேறு கணினியில் திறந்து பார்ப்பது அவசியம். திறக்காத நகல் நகலே அல்ல.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, பதிவு பெற்ற வணிகர், ஆண்டு ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். அந்த ஆறு ஆண்டுகளில் கணினி இருமுறைகூட மாறலாம். கணக்கு மாறக் கூடாது. கல்லாவைப் பூட்டும் முன் பத்து நிமிடம் நகலுக்கு ஒதுக்குவோம்.