மஞ்சள் சட்டைக்கு ஆள் எடுக்கும் கணக்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில், ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம் முடிந்த மறுநாள் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. முதலாவது பெரியவர்களுடையது. "சென்னை என்று பெயரை வைத்துக்கொண்டு நம் பையன்களை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?" இரண்டாவது, இங்கேயே பிறந்து தெலுங்குப் பிள்ளைகளோடு படிக்கும் பேரக்குழந்தைகளுடையது. "தாத்தா, நாம் ஆந்திராவில்தானே இருக்கிறோம்? ஐதராபாத்தானே நம் அணி?"

இரண்டாவது கேள்விக்கு விடை சுலபம். ஐதராபாத் 2014-இல் தெலங்கானாவோடு போய்விட்டது. ஆந்திரப் பிரதேசத்துக்கென்று ஐ.பி.எல். அணியே கிடையாது. திருப்பதியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். காலையில் ரயிலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். ஐதராபாத்துக்கு ஓர் இரவு முழுவதும் ரயிலில் கழிக்க வேண்டும். தவிர, ஐதராபாத் அணியை நடத்துவதே சென்னையில் இருக்கும் சன் டி.வி. நிறுவனம்தான். ஆகவே பேரக்குழந்தை எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் தாத்தாக்கள் கலங்க வேண்டியதில்லை.

முதல் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடியேன் ரயில்வேயில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், படிப்பு டிப்ளமோ. ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட் போட்டு, சாமான் வரும்வரை காத்திருந்தே பாதி வாழ்க்கை கழிந்தது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, 2008 முதல் ஒவ்வோர் ஏலத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து வருகிறேன். எடுத்த ஆள், கொடுத்த விலை, பிறகு அவர் செய்த வேலை என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியை நிரப்ப இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதுவரை யாரையும் பழிப்பதில்லை என்பது என் கொள்கை. (ஆட்டம் நடக்கும்போது டி.வி.யைப் பார்த்துத் திட்டுவது இந்தக் கணக்கில் சேராது.)

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அங்கே கால்பந்துக்கு ஆள் எடுக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போன வருடம் கடைசியாக வந்த அணிக்குத்தான் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. தோற்றவனுக்கு முதல் பந்தி. நம் ஐ.பி.எல்.லிலும் ஒரு முறை இப்படி வரிசை வைத்து எடுத்தார்கள். 2008-இல் உலகக் கோப்பை வென்ற 19 வயதுக்குட்பட்ட பையன்களை அப்படித்தான் பங்கிட்டார்கள். முதல் வாய்ப்பு டெல்லிக்கு. அவர்களிடம் மட்டையாளர்கள் ஏற்கெனவே நிறைய இருந்ததால் பிரதீப் சங்வான் என்ற வேகப்பந்து வீச்சாளரை எடுத்தார்கள். டெல்லிக்காரரான விராட் கோலி பெங்களூருக்குப் போனார். உள்ளூர்ப் பையனை விட்ட வருத்தம் நமக்கு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மற்றபடி இங்கே எல்லாம் ஏலம்தான். எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம். அதற்குள் 18 பேருக்குக் குறையாமல், 25 பேருக்கு மிகாமல் சேர்க்க வேண்டும். வெளிநாட்டார் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. ஆடும் பதினொருவரில் நான்கு பேர்தான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை, சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் வெளியே விட்டுப் பெரிய ஏலம் நடத்துவார்கள். ரயில் பெட்டியை ஒர்க்‌ஷாப்பில் ஏற்றி, சக்கரம் வரை கழற்றிப் பார்க்கிறோமே, அதைப் போல. இடைப்பட்ட வருடங்களில் நடக்கும் சின்ன ஏலம், யார்டில் நிற்கும்போதே பிரேக் கட்டை மாற்றுவது மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் டெண்டரில் குறைந்த விலை கேட்டவனுக்கு வேலை. இங்கே கூடின விலை கேட்டவனுக்கு ஆள்.

2008 பிப்ரவரியில் மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் சென்னை செய்த காரியம் இன்றைக்கும் பாராட்டத் தக்கது. மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், டெல்லிக்கு சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ் என்று ஊர்ப் பெருமைக்கு ஒருவரை ஏலமில்லாமலே கொடுத்திருந்தார்கள். அவருக்கு, அந்த அணி ஏலத்தில் எடுக்கும் மிக உயர்ந்த விலை ஆட்டக்காரரைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த அணிகள் தோனிக்கு விலையை ஏற்றினால், தங்கள் சொந்த ஊர் நாயகருக்கும் சேர்த்து ஏற்ற வேண்டியிருந்தது. சென்னைக்கு அப்படி யாரும் இல்லாததால் அந்தச் சுமையும் இல்லை. மொத்தம் இருந்த 50 லட்சம் டாலரில் 15 லட்சத்தைத் தோனி ஒருவருக்கே கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய். ராஞ்சிக்காரர், கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எங்கள் ரயில்வே ஆள் என்று அன்றைக்கு நான் சொல்லாத நண்பர் இல்லை!

சரி, தமிழ்ப் பையன்கள் விஷயத்துக்கு வருவோம். ஆரம்ப வருடங்களில் ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்து ஆட்டக்காரர்கள் சிலரைச் சேர்த்தே தீர வேண்டும் என்று விதி இருந்தது. அத்துடன், இந்தியாவுக்காக இன்னும் ஆடாத உள்நாட்டுப் பையன்கள் 2013 வரை ஏலத்துக்கே வரவில்லை. அணிகள் அவர்களிடம் நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போட்டன. சேப்பாக்கத்தில் லீக் ஆட்டம் பார்த்து, பையன் தேறுவான் என்று தோன்றினால் கூப்பிட்டுப் பேசிவிடலாம். அஸ்வின், முரளி விஜய், பத்ரிநாத் போன்றவர்கள் நிறைந்திருந்த அணி 2010-லும் 2011-லும் கோப்பையை வென்றது. 2011 இறுதி ஆட்டத்தில் அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை ரன் எடுக்கவிடாமல் அனுப்பினார். விஜய் 52 பந்தில் 95 அடித்தார். இதை நினைத்துக்கொண்டுதான் நம் பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

2014 முதல் அந்தப் பையன்களும் ஏல மேடைக்கு வந்துவிட்டார்கள். அன்றோடு உள்ளூர் வீட்டின் முன்னுரிமை போயிற்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது; மறு வருடம் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் பஞ்சாப் 8.40 கோடிக்குக் கொண்டுபோயிற்று. சாய் சுதர்சன் 2022-இல் வெறும் 20 லட்சத்துக்குக் குஜராத்துக்குப் போனார். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கிய பிறகு, நம் பையன்கள் ஆடுவதைப் பத்து அணிக்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். விதை நெல் நம் ஊரில். சந்தை பத்து ஊருக்கும் பொது. ஆனாலும் 20 லட்சத்துக்கு சாய் சுதர்சனை விட்டதற்கு மட்டும் என் நோட்டில் சென்னைக்குச் சிவப்பு மையில்தான் குறிப்பு. 2025-இல் அவர் 759 ரன் எடுத்து எல்லாரையும் முந்தினார்.

இனி, எடுத்தவர்களைப் பற்றி. என் மூன்றாவது பத்தி காட்டும் ஒரு சங்கதி வினோதமானது. பெரிய விலை கொடுத்தவர்கள் பலர் வேலைக்கே வரவில்லை. 2021-இல் கிருஷ்ணப்பா கௌதம், 9.25 கோடி, ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2022-இல் தீபக் சாஹர், 14 கோடி. காயத்தால் அந்த வருடம் முழுக்க வெளியே. 2023-இல் பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி, இரண்டே ஆட்டம். இந்த மூன்றில் இரண்டு வருடம், 2021-லும் 2023-லும், சென்னைதான் கோப்பை வென்றது!

வென்று கொடுத்தவர்கள் யார்? 20 லட்சத்துக்கு வந்த ருதுராஜ் கெய்க்வாட், முதல் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்து, 2021-இல் 635 ரன் எடுத்தார். காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக 2022-இல் 20 லட்சத்துக்கு வந்த இலங்கைப் பையன் பதிரனா, அடுத்த வருடம் 19 விக்கெட் எடுத்தார். இரண்டாண்டுத் தடை முடிந்து 2018-இல் திரும்பியபோது, முப்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. அதில் 4 கோடி வாட்சன் இறுதி ஆட்டத்தில் ஐதராபாத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். 2.20 கோடி அம்பட்டி ராயுடு, நம் மாநிலத்துக் குண்டூர்க்காரர், அந்த வருடம் 602 ரன். அந்த ஏலம்போல் ஒன்றை நான் பிறகு பார்க்கவில்லை. எந்த இடத்தில் ஆள் இல்லையோ அந்த இடத்துக்கு, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியவரை, சல்லிசாக எடுத்தார்கள்.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் இந்தப் புத்தி கொஞ்சம் மழுங்கிப் போயிற்று என்பது என் அபிப்பிராயம். 120 கோடியில் 65 கோடி, ஐந்து பேரை வைத்துக்கொள்வதிலேயே போய்விட்டது. ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18, பதிரனாவுக்கு 13, சிவம் துபேக்கு 12, தோனிக்கு 4. மிச்சம் 55 கோடி. அதில் 10 கோடிக்கு எடுத்த ஆப்கானிஸ்தான் பையன் நூர் அகமது 24 விக்கெட் எடுத்துக் காசுக்குப் பழுதில்லை என்று காட்டினார். 9.75 கோடிக்கு அஸ்வின் வீடு திரும்பியதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவரும், ஜடேஜாவும், நூரும் மூவருமே சுழற்பந்து. ஒன்பது ஆட்டத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே ஓய்வு பெற்றார். திரிபாதி, ஹூடா, நம் விஜய் சங்கர் என்று நடு வரிசைக்கு எடுத்தவர்கள் பழைய புகழில் வந்தவர்கள். 2018-இன் சூத்திரத்தை அப்படியே இரண்டாவது முறை போட்டுப் பார்த்தார்கள், விடை வரவில்லை. 2025-இல் சென்னை கடைசி இடம். ருதுராஜுக்குக் காயம் பட்டதால் நடுவில் சேர்த்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்த பிறகுதான் நிர்வாகத்துக்குக் கண் திறந்தது போலும்.

அதன் பிறகு நடந்தது தலைகீழ் மாற்றம். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். தோனிக்குப் பின் கையுறை போட ஆள் வேண்டும், கணக்குச் சரிதான். 2012 முதல் நம்முடையவராக இருந்தவரைக் கொடுத்ததற்கு மனம் ஒப்பவில்லை. டிசம்பரில் அபுதாபியில் நடந்த சின்ன ஏலத்தில், கையில் இருந்த 43.40 கோடியில் 28.40 கோடியை இரண்டே பையன்களுக்குக் கொட்டினார்கள். உத்தரப் பிரதேசத்து பிரசாந்த் வீர், ராஜஸ்தானத்து கார்த்திக் சர்மா, தலா 14.20 கோடி. இந்தியாவுக்காக ஆடாத எவருக்கும் அதுவரை அவ்வளவு விலை போனதில்லை. இளைஞர்களை எடுத்த திசை சரி. விலையை நான் ஏற்கவில்லை. ருதுராஜுக்கு இருந்த பெரிய வசதி, 20 லட்சப் பையன் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது. 14 கோடிப் பையனை அப்படி உட்கார விடமாட்டோம், நாமே விடமாட்டோம்.

நம் பெரியவர்களிடம் கடைசியாக நான் நினைவூட்ட விரும்புவது 2023 மே 29 அன்று அகமதாபாதில் நடந்த இறுதி ஆட்டம். மழையால் விடியற்காலை வரை நீண்டது. பல வீடுகளில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். அன்றைக்குச் சென்னையை 47 பந்தில் 96 அடித்து நொறுக்கியவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். பதிலுக்குச் சென்னைக்காக எட்டே பந்தில் 19 அடித்து ஆட்டத்தைத் திருப்பியவர் குண்டூர் ராயுடு. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். பிறகு ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தார். அன்றிரவு யார் நம்மவர், யார் வெளியார் என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

குண்டூரிலிருந்து இன்னொரு பையனையும் சென்னை எடுத்திருந்தது. ஷேக் ரஷீத், 2022 டிசம்பரில் 20 லட்சம். இரண்டு வருடம் காத்திருந்து, 2025 ஏப்ரலில் லக்னோவில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 19 பந்தில் 27 அடித்தார். அந்த நவம்பரில், தமிழ்நாட்டு ஆந்த்ரே சித்தார்த்தையும் விஜய் சங்கரையும் விடுவித்த அதே பட்டியலில் அவரையும் விடுவித்துவிட்டார்கள். ரஷீதுக்கும் சித்தார்த்துக்கும் நேராக என் நோட்டில் மூன்றாவது பத்தியை இன்னும் மூடவில்லை. இருவரும் சின்னப் பையன்கள்.