அடைப்பான் நோயும் சாயப் பரிசோதனையும்

மாலையில் நன்றாக மேய்ந்து தொழுவத்திற்குத் திரும்பிய எருது விடியற்காலையில் வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் கருமையான இரத்தம் கசிய இறந்து கிடப்பதுண்டு. அதனைக் காணும் உடையவர், பாம்பு தீண்டியதென்றும், விஷப்பூண்டு தின்றதென்றும், இளஞ்சோளப் பயிரை மேய்ந்ததென்றும் பலவாறு ஊகிப்பது இயல்பு. திடீர் மரணத்திற்கு இவை யாவும் காரணமாகக் கூடியவையே. எனினும் அடைப்பான் நோயும் இவ்வாறே கொல்லும். பாம்பின் விஷத்தால் நேர்ந்த நஷ்டம் அம்மாடு ஒன்றோடு முடிந்துவிடும். அடைப்பானாயின் மந்தைக்கும், மேய்ச்சல் நிலத்திற்கும், பிணத்தைத் தொட்டு அறுத்த மனிதருக்கும் ஆபத்துத் தொடரும். ஆதலால் இறந்த அன்றே காரணத்தை நிச்சயிப்பது மிகவும் அவசியம். அதன்பொருட்டுப் பிணத்தை அறுத்துப் பார்ப்பதோ பெருந்தீங்காகும். அறுக்காமலே உண்மையை அறிய ஒரு துளி இரத்தமும் சிறிது நீலச் சாயமும் உதவுகின்றன. அம்முறை யாதென்பதும், அது பயன்பட விவசாயிகளும் கிராம அலுவலர்களும் செய்யவேண்டியவை எவையென்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

சாயம் எதற்கு?

அடைப்பான் நோயை உண்டாக்குவது கோல் வடிவமுள்ள ஒரு நுண்கிருமி. ஏறக்குறைய 200 கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். இவற்றைப் பார்க்க 1000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் தேவை. பெரிதாக்கினால் மட்டும் போதாது. கிருமியின் உடல் நிறமற்றது. ஒளி அதனூடே தடையின்றிச் செல்கின்றது. தெளிந்த நீரில் அமிழ்ந்த கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தென்படாததுபோல, இரத்த நீரில் இக்கிருமியும் எளிதில் புலப்படுவதில்லை. அதற்கு நிறம் ஊட்டினாலன்றி அதன் வடிவத்தைத் தெளிவாக அறிய இயலாது.

ஒரே சாயத் தொட்டியில் முக்கினாலும் பட்டு ஒருவிதமாகவும் பருத்தி வேறுவிதமாகவும் நிறம் பற்றுவதைச் சாயத்தொழில் செய்வோர் அறிவர். உயிர்ப் பொருள்களின் இயல்பும் அத்தகையதே. மெதிலீன் நீலம் காரத்தன்மை வாய்ந்த சாயம்; கிருமியின் உள்ளேயிருக்கும் கருப்பொருளோ அமிலத்தன்மை உடையது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் கிருமி ஆழ்ந்த நீல நிறமடைகின்றது. அதைச் சுற்றியுள்ள பொருள்கள் அவ்வளவு சாயத்தை ஏற்பதில்லை. இந்த வேற்றுமையே பரிசோதனைக்கு அடிப்படை.

முறை தோன்றிய வரலாறு

1856-ஆம் ஆண்டில் வில்லியம் பெர்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றை உண்டாக்கினார். துணிகளுக்கென்று பெருகிய இவ்வகைச் சாயங்கள் விரைவில் வைத்திய ஆராய்ச்சிக்கும் உதவின. ஜெர்மனியில் மாவட்ட வைத்தியராயிருந்த ராபர்ட் காக், அடைப்பான் கிருமியின் வாழ்க்கை வரலாற்றை 1876-இல் வெளியிட்டார். கிருமிகளைக் கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சாகத் தடவி, உலர்த்திச் சாயமேற்றும் முறையை அடுத்த ஆண்டில் விவரித்தார். மெதிலீன் நீலம் முதன்முதல் செய்யப்பட்டதும் 1876-இலேயாம்.

லண்டன் கால்நடை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் மக்ஃபேடியன், 1903-இல் ஒரு புதுமையைக் கவனித்து எழுதினார். அடைப்பானால் இறந்த மாட்டின் இரத்தத்தில் மெதிலீன் நீலத்தை இட்டபோது, கிருமிகள் நீலமாகவும் அவற்றைச் சூழ்ந்த உறைப்பொருள் இளஞ்சிவப்பாகவும் தோன்றின. ஒரே சாயம் இரு நிறம் காட்டுவது எவ்வாறெனின், கரைத்து வைத்த மெதிலீன் நீலம் காற்றுப் பட்டு நாளடைவில் முதிரும்போது அதன் ஒரு பகுதி வேறு சாயங்களாக மாறுகின்றது. இங்ஙனம் முதிர்ந்த சாயமே இச்சோதனைக்கு ஏற்றது. இம்முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

செய்முறை

கால்நடை வைத்தியர் கையுறை அணிந்து, பிணத்தின் காது நரம்பைச் சிறிதே குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பார். அதனை ஸ்லைடு என்னும் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, வேறொரு தகட்டின் விளிம்பால் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பரப்புவார். பூச்சு தடித்திருந்தால் இரத்த அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிருமியை மறைத்துவிடும். குத்திய இடத்திலிருந்து இரத்தம் ஒழுகாதபடி மருந்து நனைத்த பஞ்சால் அடைத்துவிடுவது முறை.

பூச்சு காற்றில் உலர்ந்தபின் சுத்தமான ஆல்கஹாலில் ஒரு நிமிஷம் வைக்கப்படும். இதனால் இரத்தம் கழுவும்போது கரைந்து போகாமல் கண்ணாடியோடு பதிந்துவிடுகின்றது. பிறகு முதிர்ந்த மெதிலீன் நீலத்தை அதன்மேல் இட்டு, ஒரு நிமிஷம் கழித்துக் கழுவுவர். கழுவிய நீரில் நோய்க்கிருமி இருக்கக்கூடுமாதலால், அது கிருமிநாசினி உள்ள பாத்திரத்திலேயே விழவேண்டும். தகடு உலர்ந்ததும் ஒரு துளி எண்ணெய் இட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பர். முனைகள் சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் கோல்கள் இரண்டிரண்டாகவோ சிறு சங்கிலிகளாகவோ நின்று, அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை காணப்பட்டால் நோய் அடைப்பானே. இத்தனைக்கும் சில நிமிஷங்களே செல்லும்.

பிற நோய்களும் இவ்வகையில் வெளிப்படுகின்றன. தொண்டை அடைப்பான் என்பது பெயரால் ஒத்திருப்பினும் முற்றிலும் வேறான நோய். அதன் கிருமிகள் மிகச் சிறியவை. இரு முனைகளில் மட்டும் ஆழ்ந்த நிறமும் நடுவில் வெளிறிய நிறமும் காட்டும். உண்ணிக் காய்ச்சலை ஆராய, 1904-இல் கீம்ஸா என்பவர் செம்மைப்படுத்திய சாயம் பயன்படுகின்றது. சிவப்பணுக்களின் உள்ளே தங்கிய ஒட்டுயிர்களின் உடலை அது நீலமாகவும் உட்கருவைச் செவ்வூதாவாகவும் காட்டும். நோய்க்கு நோய் மருந்தும் தடுப்பூசியும் வேறாதலால், இவ்வேற்றுமையை அறியாமல் செய்யும் சிகிச்சையால் காலமும் பணமும் வீணாகும்.

சோதனை தவறும் இடங்கள்

முதலாவது, காலதாமதம். கோடை வெப்பத்தில் பிணம் அழுகத் தொடங்கியதும் அடைப்பான் கிருமியின் உறை சிதைகின்றது. குடலிலிருந்து வேறு கோல் வடிவக் கிருமிகள் இரத்தத்தில் பரவுகின்றன. அந்நிலையில் இப்பரிசோதனையை நம்பித் தீர்மானிக்க இயலாது. இரண்டாவது, இறப்பதற்கு முன் பென்சிலின் முதலிய மருந்து செலுத்தப்பட்டிருந்தால், நோய் அடைப்பானாயிருந்தும் இரத்தத்தில் கிருமி தென்படாமற் போகலாம். ஆகையால் போட்ட ஊசியை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மூன்றாவது, மாடு ஆடுகளின் இரத்தத்தில் மரண காலத்தில் கிருமிகள் ஏராளமாக இருப்பதுபோலப் பன்றிகளில் இருப்பதில்லை. இத்தகைய இடங்களில் ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்தும், அதன் மரபுப் பொருளைச் சோதித்தும் முடிவு காண்பர்.

பிணத்தை அறுத்தலாகாது

அடைப்பான் கிருமி உயிருள்ள உடலுக்குள் இருக்கும்வரை கோல் வடிவிலேயே இருக்கும். அறுக்கப்படாத பிணத்தினுள் அழுகற் கிருமிகள் அதனைச் சில தினங்களில் அழித்துவிடுகின்றன. இரத்தம் வெளியே சிந்திக் காற்றுப் பட்டாலோ, அது கடினமான ஓடுள்ள வித்தாக மாறிவிடும். வித்து வெயிலையும் வறட்சியையும் தாங்கிப் பல்லாண்டுகள் மண்ணில் கிடக்கும். சாதாரணச் சாயமும் அந்த ஓட்டினுள் எளிதில் புகுவதில்லை.

ஸ்காட்லாந்தின் கரையை அடுத்த க்ருயினார்ட் என்னும் சிறு தீவில், 1942-ஆம் ஆண்டு யுத்த காலத்தில் இவ்வித்துக்களைக் கொண்டு பரீட்சைகள் நடத்தினர். 1986-இல் அந்நிலத்தைக் கடல்நீரில் கலந்த ஃபார்மால்டிஹைடு மருந்தால் நனைத்துச் சுத்திசெய்த பின்னரே, 1990-இல் அது அபாயமற்றதென்று அறிவிக்கப்பட்டது. ஓர் அரசாங்கத்திற்கே இத்தனை காலமும் பிரயாசையும் வேண்டியிருந்தன. கிராமத்து மேய்ச்சல் தரை ஒருமுறை கெட்டால் அதனை மீட்பது எத்துணை அரிதென்பது இதனால் விளங்கும்.

மேலும், பிணத்தின் தோலை உரிப்பவருக்குக் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே நோய் புகக்கூடும். முதலில் கொப்புளமாகத் தோன்றி, நடுவில் கறுத்து வலியற்ற புண்ணாகும். உடனே சிகிச்சை செய்தால் குணமாகும். அசட்டை செய்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தோலால் உடையவருக்குக் கிடைப்பது சிறு தொகை; உரிப்பவருக்கோ உயிரே பணயம். வறுமையினால் அவ்வேலைக்கு இசைபவரை அதற்கு ஏவுவது நியாயமன்று.

செய்யவேண்டியவை

1. காரணம் தெரியாமல் மாடோ ஆடோ திடீரென இறந்தால், தோலுரிக்கவும் இறைச்சி எடுக்கவும் வேறிடத்திற்கு இழுத்துச் செல்லவும் கூடாது. நாய், கழுகு முதலியன அணுகாதபடி காவல் வைக்கவேண்டும்.

2. உடையவர் அன்றே கிராம அலுவலருக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ அறிவிக்கவேண்டும். கால்நடைகளின் தொற்று நோய்களைத் தடுக்க ஏற்பட்ட 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை உடையவரின் கடமையாக விதிக்கின்றது. அலுவலர் அதனை எழுத்துமூலமாக அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்குத் தாமதமின்றித் தெரிவித்தல் நலம்.

3. இரத்தம் எடுப்பதை வைத்தியரிடமே விட்டுவிடவேண்டும். இறந்த நேரம், மேய்ந்த இடம், கொடுத்த மருந்து, அண்மையில் இறந்த பிற கால்நடைகள் ஆகியவற்றை உள்ளபடி சொல்லவேண்டும்.

4. நோய் அடைப்பானென்று தெரிந்தால் பிணத்தை எரிப்பதே உத்தமம். இயலாவிடில் நீர்நிலைக்கு அப்பால் 6 அடிக்குக் குறையாத ஆழத்தில், வைத்தியர் கூறும் முறைப்படி புதைக்கவேண்டும். இரத்தம் சிந்திய மண்ணையும் வைக்கோலையும் உடன் சேர்த்தே அகற்றவேண்டும்.

5. பிணத்தைத் தொட்டவர்கள் உடலில் கொப்புளமோ காய்ச்சலோ கண்டால், நடந்ததைச் சொல்லி உடனே வைத்தியம் பெறவேண்டும்.

6. நோய் கண்ட கிராமங்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். 1932-இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை நிலையம் நம் நாட்டில் இம்மருந்தைத் தயாரித்துவரும் இடங்களுள் ஒன்று.

ஊகத்தால் தோலை உரித்துவிட்டுப் பின்னர் நோயை அறிவதால் வருவது துயரமே. பிணத்தை மூடியபடி வைத்து ஒருவேளை காத்திருந்தால், ஒரு துளி இரத்தமே உண்மையைச் சொல்லிவிடும். அக்காத்திருப்பினால் உடையவர் இழப்பது ஒரு தோல். காப்பாற்றுவது தம் மந்தையையும், ஊராரின் உயிரையும், வருங்காலத்தவர் மேய்க்க வேண்டிய நிலத்தையுமாம்.