கேட்டுக்கு வெளியே மஞ்சள் கோடு இல்லை

ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கேட் திறக்கிறது. கம்பெனி வேனும் ஸ்கூட்டியும் டிவிஎஸ் எக்ஸெல்லும் பறந்த பிறகு, சிலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள், கைமடி, செக்கிங் பார்க்கும் நடுவயதுக்காரர்கள், வாட்ச்மேன்கள்.

இவர்களைப் பற்றி ஊரில் ஒரு புகார் உண்டு. ராங் சைடில் வருகிறார்கள், லைட் கிடையாது, கை காட்டாமல் திரும்புகிறார்கள். புகார் பொய்யல்ல. ஆனால் பல்லடம் ரோட்டையோ அவிநாசி ரோட்டையோ சைக்கிள்காரர் இடத்திலிருந்து பாருங்கள். நடுவில் சென்டர் மீடியன். எதிர்ப்புறம் வீடு இருப்பவர் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வரவேண்டும். பைக்கில் போகிறவருக்கு அது அரை நிமிட வேலை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால்களுக்கோ, லாரி உரசும் ஓரத்திலேயே கூடுதலாக ஒரு மிதி. அதனால் ஓரமாக எதிரே வந்துவிடுகிறார். சந்துகளில் புகுந்து வந்தாலும் தப்பிக்க முடியாது. நொய்யலும் ரயில் பாதையும் ஊரைக் குறுக்கே வெட்டுவதால், கடைசியில் எல்லோரும் அதே சில பாலங்களில் பஸ்ஸோடு நெருக்கியடித்துத்தான் கடக்க வேண்டும்.

ஒழுங்கு எப்படி வருகிறது என்று திருப்பூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்த ஏற்றுமதி கம்பெனிக்குள்ளும் நுழைந்து பாருங்கள்: தையல் மிஷின் வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் கோடு போட்ட நடைபாதை. அதில் ஒரு பண்டலைக்கூட வைக்கக் கூடாது. வெளிநாட்டு பையரின் ஆடிட் வந்தால் முதலில் பார்ப்பதே அதைத்தான். கோடு இருப்பதால் ஆளும் அதன்படி நடக்கிறார். அதே ஆள் கேட்டைத் தாண்டியதும் அவருக்கென்று கோடே கிடையாது. பிறகு ஒழுங்கில்லை என்று ஏசுகிறோம். இது நியாயமே இல்லை.

டென்மார்க் சாலைத் துறைக்காக 2019-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. சைக்கிளுக்குத் தனிப்பாதை உள்ள இடங்களில் விதி மீறிய சைக்கிள்காரர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு; இல்லாத இடங்களில் 14 சதவீதம். இரண்டு இடத்திலும் ஓட்டியவர்கள் சைக்கிள்காரர்கள்தான். மாறியது ரோடு.

சைக்கிள் என்ன, பழைய காலத்துச் சமாச்சாரம் என்பவர்களுக்கு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் சாராத தொழிலாளரில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிள் என்றார்கள். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் மூன்றும் சேர்ந்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இன்று பைக் பெருகியிருக்கலாம். ஆனாலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுதோறும் சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்த சைக்கிளை எங்கே ஓட்டுவது என்பதும் அரசின் பொறுப்புதானே?

சட்டம் இப்போது கதவைத் திறந்திருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நடந்து செல்வோருக்கும் மோட்டார் இல்லாத வாகனங்களுக்கும் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த விதிகளுக்கு அதிகாரம் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. அதை வைத்துச் சைக்கிள்காரருக்கு அபராதம் போடும் பட்டியலை மட்டும் எழுதிவிட முடியும். என் பயம் அதுதான். அதே உத்தரவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரத்துக்கும் விதி கேட்கிறது. அந்தப் பாதியை விட்டுவிடக் கூடாது.

2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த ஊர் இது. பழைய பேருந்து நிலையம் புதிதாக எழுந்தது. கம்பெனிகள் நெருங்கியிருக்கும் இடங்களில் சைக்கிள் கடக்கும் அளவுக்கு மீடியனில் பாதுகாப்பான இடைவெளி, பாலங்களில் ஓரமாகத் தடுப்பு வைத்த ஒரு தடம், ஷிப்ட் விடும் நேரத்தில் எரியும் தெருவிளக்கு: இவற்றுக்கு ஆகும் செலவு அந்த நிலையத்துக்கு ஆன செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சைக்கிள் ஓட்டுபவருக்கும் வேலை உண்டு. இருட்டில் கறுப்பு டீ-ஷர்ட்டோடு லைட் இல்லாமல் போவது தற்கொலைக்குச் சமம். பின் மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட அதிகம் ஆகாது. உலகத்துக்கே உடுப்பு தைக்கும் கம்பெனிகள், சைக்கிளில் வரும் தங்கள் தொழிலாளிக்கு ஒளிரும் பட்டை வைத்துத் தைத்த ஒரு பனியனை அடுத்த போனஸோடு கொடுக்கட்டும். துணியும் டெய்லரும் அங்கேயே இருக்கிறார்கள்.