மாத்திரைக்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை

பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லும் முதல் குரல் பல நேரம் பள்ளியிலிருந்துதான் வருகிறது. "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான், டாக்டரைப் பாருங்க" என்று டீச்சர் சொன்னதும், சென்னை காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்கிறார். "மாத்திரை குடுத்தா சும்மா இருப்பானா சார்?" என்று கேட்கிறார். பள்ளியில் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிறக்கும் கேள்வி அது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் சீட்டு எழுதப்பட்டால், மருத்துவ அறம் அங்கேயே தவறிவிடுகிறது.

ஏர்வாடி கேட்ட கேள்வி

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். 'குணமாகட்டும்' என்ற நம்பிக்கையில் அவரவர் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். பெற்றவர் சம்மதித்துவிட்டால் போதும், நோயாளியின் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இதைவிடக் கொடிய பதில் இருக்க முடியாது. ஏர்வாடியோடு அது முடிந்துவிடவும் இல்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோதும், அடி, கட்டிப்போடுதல், பாலியல் கொடுமை என்று புகார்கள் வந்தன.

சட்டம் பிள்ளையின் பக்கம்

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் யாருக்கும் மின்அதிர்ச்சி சிகிச்சை தரக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு அதைத் தர வேண்டுமானால், பாதுகாவலரின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். தனி அறையில் பூட்டி வைப்பதற்கும் அனுமதியில்லை.

பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்ப்பதென்றால் இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதித்து, இது தேவை என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பாதுகாவலரோ அவர் அமர்த்தும் ஒருவரோ கூடவே தங்கியாக வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு இந்தச் சட்டப்படி மனநோய் அல்ல. அந்தப் பிள்ளைக்குத் தேவை பயிற்சியும் ஆதரவும். சத்தம் போடுகிறது என்பதற்காகத் தூங்க வைக்கும் மருந்தைக் கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாத சங்கிலி.

தெருவையும் விசாரிக்க வேண்டும்

ராத்திரி முழுக்க கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, பகலில் எரிச்சலோடு இருப்பதில் வியப்பில்லை. ரத்தசோகை, காது மந்தம், பார்வைக் குறைவு எல்லாமே வகுப்பில் 'அடங்காத பிள்ளை' என்ற பெயரை வாங்கித் தரும். ஈயம் உடம்பில் சேர்ந்தால் கவனம் சிதறும், படிப்பு பின்தங்கும். பழைய பேட்டரி உடைக்கிற தெருவில் வீடு இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஓர் இரவைப் பார்த்த பிள்ளை படுக்கையை நனைத்தால், முதலில் வேண்டியது உட்கார்ந்து பேச ஓர் ஆள்.

மாத்திரை எதிரி அல்ல

தீவிர மனச்சோர்வு, மனச்சிதைவு, வலிப்போடு வரும் கோளாறுகளில் மருந்து உயிர் காக்கிறது. மருந்தே வேண்டாம் என்று மறுத்து ஒரு பிள்ளையைத் தவிக்க விடுவதும் அநீதிதான். ஆனால் எதற்கு, எவ்வளவு நாள், என்ன பக்கவிளைவு என்பதைச் சொல்லியாக வேண்டும். ரிஸ்பெரிடோன் என்ற மருந்து உடல் எடையை ஏற்றும். மீத்தைல்ஃபெனிடேட் என்ற மருந்து பசியைக் குறைக்கும். மனச்சோர்வு மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலேயே எச்சரித்தது. ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

மருந்துக்கடையில் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் பல நேரம் போய்விடுகின்றன. முழுப் பட்டையாகக் கேளுங்கள், அல்லது பெயரைச் சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள். குணமாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கேட்பது உங்கள் உரிமை

நோய் என்ன, சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. இலவச சட்ட உதவியும் உண்டு. பேசித் தீர்க்கும் வழி ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்கு முன், பிள்ளையை அருகில் உட்கார வைத்து, "உனக்கு என்னடா கஷ்டம்?" என்று கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பிள்ளை கொடுமைக்கு ஆளானால் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.