முழங்கால் உயரத்தில் பறக்கும் வெள்ளை

கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இந்தப் பக்கத்தில், வேலியோரப் புல்லுக்கு மேலே தத்தித் தத்திப் பறக்கும் சிறிய வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் பெயர் சைக்கி. அறிவியல் பெயர் லெப்டோசியா நினா. 1793இல் சூட்டியவர் டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ். இது உயரே போவது அபூர்வம். முன்சிறகில் ஒற்றைக் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சிறகை மூடி உட்கார்ந்தால் அடிப்புறத்து வெளிர்பச்சைக் கீற்றுகள் அதைப் புல்லோடு புல்லாக மறைத்துவிடும்.

குளிர்ப் பிரதேசத் தோட்டங்களில் முட்டைக்கோஸ் இலையைச் சல்லடையாக்கும் வெள்ளைப் பூச்சிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் இதன் புழுவுக்குச் சாப்பாடு நாய்க்கடுகும் மாவிலங்கமும். மழை பெய்ததும் மணலில் முளைத்து மஞ்சளாகப் பூக்கும், தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் செடிதான் நாய்க்கடுகு. கடுகுக்குக் காரம் தரும் வேதிப்பொருள் வகை முட்டைக்கோஸிலும் உண்டு, இதிலும் உண்டு. பல பூச்சிகளை விரட்டும் அந்தக் காரத்தைத் தாங்கும் வயிறு இந்த இரண்டு பூச்சிகளின் புழுக்களுக்கும் வாய்த்திருக்கிறது. அற்புதமான ஏற்பாடு!

இந்தச் செடியைக் களையென்று பிடுங்கிவிட்டால் பூச்சிக்கு முட்டையிட இடமில்லை. அதனால்தான் இந்தப் பலகையைச் சுற்றி நாய்க்கடுகை வளரவிட்டிருக்கிறோம். முட்டையைத் தனித்தனியாகத்தான் வைக்கும். புழுவும் இலைப்பச்சை நிறம். இலையைக் கிள்ளாமல், மெல்லத் திருப்பித் தேடுங்கள்.