யேல் இசைக் கல்லூரியின் மாணாக்கர்

மாணவர்களே, நம் பாடகர் மேடையிலேயே மனோதர்மத்தால் இராகத்தை விரிப்பர். மேனாட்டுச் சாத்திரிய இசையிலோ, ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் உரிய சுரங்களை ஒருவர் முன்னரே எழுதிவைப்பார். அவ்வெழுத்துக் கலையே இசையாக்கம். அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் அதுவும் ஒரு பாடமாகும்.

அங்கு மார்ட்டின் பிரெஸ்னிக் என்பாரிடம் பயின்ற மைக்கேல் கார்டன், டேவிட் லாங், ஜூலியா உல்ஃப் ஆகிய மூவரும் 1987-இல் நியூயார்க்கில் பன்னிரண்டு மணி நேரப் புத்திசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர், 'தகரத்தைத் தட்டுதல்' என்று பொருள்படுவது. சிரிக்க வேண்டா, அவருள் இருவர் பின்னர் புலிட்சர் பரிசு பெற்றனர்.

2008-இல் லாங் பெற்றார். ஆண்டர்சன் கதையில் வரும் தீக்குச்சி விற்கும் சிறுமியின் துயரை நான்கே குரல்களுக்கு எழுதினார். ஓராசிரியரிடம் பயின்றும், 2015-இல் பரிசு பெற்ற உல்ஃபின் வழி முற்றும் வேறு. ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு இதுவே பெருமகிழ்ச்சி.

உல்ஃபின் பொருள், பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கை. முதற்பகுதிக்கு 1869 முதல் 1916 வரையிலான விபத்துப் பட்டியலை எடுத்தார். பெயர்களோ எண்ணிறந்தன. ஆதலின் 'ஜான்' என்ற பெயரும் ஓரசைக் குடும்பப் பெயரும் உடையோரை முதலில் தேர்ந்தார். அவர்களே எத்துணை பேர்! அடுத்த பகுதியில், நிலக்கரியில் கல் பொறுக்கிய சிறுவர் வருகின்றனர்; உங்களிற் பலரினும் இளையோர். இறுதியிலோ, அந்நிலக்கரி தந்த ஆற்றலால் வீட்டில் நடக்கும் சிறு வேலைகளை, கேக் சுடுவது முதலாக, குழுவினர் ஒவ்வொன்றாகப் பாடுகின்றனர்.